அண்ணிக்குப் போட்ட ஊசி

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவளைப் பார்த்ததும் சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வந்தது அவளுடைய சொந்த அண்ணி!

சின்னவள் நர்சிங் படிக்கிற பெண். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரிவில் அவளுக்கு அன்றுதான் முதல் நாள். மார்க் போடுவதற்கென்று டீச்சர் வேறு பக்கத்திலேயே விறைப்பாக நிற்கிறார்.

"நீயா? உன்னைப் பிரசவ வார்டுலதானே போட்டிருக்குன்னு சொன்னே?" அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. "நான் வழக்கமா போற ஆஸ்பத்திரியில மருந்து தீர்ந்துடுச்சாம். அதான் இங்க..."

வழக்கமாகவா! என்ன மருந்து என்று கேட்கவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடுகிற கருத்தடை ஊசி.

சின்னவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டில் அப்பா பேரன், பேரன் என்று தவம் கிடக்கிறார். அம்மா அதற்கு ஒத்து ஊதுகிறாள். தவழ்கிற பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்த அண்ணியும் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுகிறாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று நினைத்தால், பண்ணுகிற வேலையைப் பார்!

'ஏன் இப்படிப் பண்றீங்க?' என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது.

டீச்சர் தொண்டையைக் கனைத்தார். வகுப்பில் அவர் படித்துப் படித்துச் சொன்ன விஷயம்தான். "ஏன் வேணாம்னு யாரையும் குடையாதீங்க. எப்ப வேணும்னு கேளுங்க. அவங்க சொல்றது உங்களோட இருக்கட்டும்." அன்றைக்கு அந்த வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்களில் இவளும் ஒருத்தி.

வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"அடுத்த குழந்தை... எப்ப வேணும்னு நினைக்கறீங்க?"

"முதல்ல உடம்பு தேறட்டும். போன பிரசவத்துல நான் செத்துப் பிழைச்சது உனக்கே தெரியுமே. உங்கண்ணனும் சரின்னுட்டார்."

தெரியும்தான். ரத்தம் கேட்டு எத்தனை பேர் காலில் விழுந்தார்கள்! அது எப்படி மறந்து போனது? வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

மாதவிலக்கு கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாம், பயப்பட வேண்டாம், அடுத்த ஊசிக்குத் தேதி தவறாமல் வந்துவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் பதறாமல் சொன்னாள். ஊசியையும் போட்டாள்.

கிளம்பும்போது அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டுல மூச்சு விட்டுடாதே."

சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்போதும் அண்ணி சொன்னதுதான் காதில் ஒலித்தது. அப்பாவுக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும். அம்மாவுக்குத் தெரிந்தால் அப்பாவுக்குத் தெரிந்த மாதிரிதான்.

அப்பா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உங்க அண்ணி இன்னிக்கு உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தாளாமே?"

பகீரென்றது. யார் பார்த்துத் தொலைத்தார்களோ!

"கேக்கறேன்ல? எதுக்கு வந்தா?"

"ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களைப் பத்தி வெளியில பேசக் கூடாதும்மா."

"நான் வெளி ஆளாடி? உன்னைப் பெத்தவ!"

"பெத்தவளுக்கும் அதேதான்."

"ஓகோ! படிக்க வெச்சதுக்கு எனக்கே சட்டம் பேசறியா? இப்ப நீ சொல்லலேன்னா நாளையிலேருந்து உனக்குக் காலேஜும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அப்பாகிட்ட சொல்லி நானே நிறுத்தறேன்."

அம்மா சொன்னால் செய்கிறவள். கெஞ்சிக் கூத்தாடிச் சேர்ந்த படிப்பு. ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். அப்புறம் அண்ணி கதி?

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோம்மா. நான் சொல்ல மாட்டேன்."

அம்மா அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, மருமகளுக்குக் குரல் கொடுத்தாள்.

"ஏம்மா, வெளியில வா! இவ வாயைக் கிளறிப் பார்த்துட்டேன், ஒண்ணும் பெயரல. உங்க மாமா காதுக்குப் போகாது. அடுத்த ஊசியை இவகிட்டயே போட்டுக்கோ. நாம ரெண்டு பேரும் இனிமே அவ்வளவு தூரம் பஸ் ஏறி அலைய வேண்டாம்!"