பதின்மூன்றாவது திருத்தம்

"எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தமிழில எழுதித் தாங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

பொலிஸ் சார்ஜன்ட் நீட்டிய சிங்கள வாக்குமூலத்தைப் பத்மாவதி ஒருக்கால் பார்த்துவிட்டு மேசையிலேயே திருப்பி வைத்தாள்.

பக்கத்தில் நின்ற கணவர் நாகேந்திரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

தெரியாதாமா? சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற சட்டம் வந்தபோது, படிக்கமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு கந்தோர் வேலையை விட்டவர் அவர். வீட்டில் உலை கொதிக்கவேண்டும் என்று சிங்களப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, பென்சன் வரைக்கும் தபால் கந்தோரில் குப்பை கொட்டியவள் அவருடைய மனைவி.

சுவரோரத்து வாங்கில் மகன் சுகிர்தன் குந்தியிருந்தான். வெள்ளிக்கிழமை இரவு எங்கோ வெடித்த குண்டுக்காகப் பிடித்து வந்திருந்தார்கள். அன்றிரவு அவன் பாமன்கடையிலுள்ள தங்கள் வீட்டில்தான் இருந்தான் என்ற தாயின் வாக்குமூலம் ஒன்றுதான் அவனுக்கு இருந்த பிடி. பின்னேரம் வாகனம் வந்தால் வேறெங்கோ கொண்டுபோய்விடுவார்கள்.

இந்த நேரத்திலா வீம்பு?

"வையுமப்பா கையெழுத்தை," என்று காதுக்குள் கெஞ்சினார்.

அவள் அசையவில்லை. "அரசியல் யாப்பில பதின்மூண்டாம் திருத்தத்தால தமிழும் அரசகரும மொழி எண்டு போட்டாச்சு, சேர். பேப்பரிலயும் வந்தது."

திருத்தம் என்றாலே நாகேந்திரத்துக்கு ஆகாது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் பதினாறு திருத்தம். ஆள்பவனின் இடுப்புக்குத் தக்கபடி வெட்டித் தைக்கிற களிசானாகிவிட்டது யாப்பு. நாட்டின் அத்திவாரத்தில் இப்படி அடிக்கடி கை வைக்கக்கூடாது என்று வாசிகசாலையில் வாய்கிழியக் கதைக்கிறவர் அவர். இவளோ அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் உயிரோடு விளையாடுகிறாள்.

சார்ஜன்டுக்குத் தமிழ் கதைக்க வரும், எழுத வராது. அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை.

கடைசியில் அலுத்துப்போய் உள்ளே குரல் கொடுத்தார். ராசிக் என்ற கொன்ஸ்தாபிள் பேனையோடு வந்தார்.

பத்மாவதி முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். ராசிக் தமிழில் எழுதினார். அவள் வரிவரியாக விரல் வைத்து வாசித்தாள், பிறகுதான் கையெழுத்து வைத்தாள். பழைய தாளைச் சார்ஜன்ட் கசக்கி எறிந்தார்.

பொழுதுபட முன்னம் சுகிர்தனை விட்டார்கள்.

வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட வந்ததும் நாகேந்திரம் மகனை முன்னால் போகவிட்டுப் பொரிந்து தள்ளினார்.

"திருத்தமாம் திருத்தம்! வாசிச்சுப்போட்டுக் கையெழுத்து வைச்சிருந்தால் என்ன?"

"வாசிச்சனான். பெடியன் அண்டிரவு வீட்டில இல்லையெண்டு நான் சொன்னதாக எழுதிக்கிடந்தது."

அவர் முன்னால் போகும் மகனைப் பார்த்தார்.

"அதை அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"பொய் எழுதியிருக்கிறியள் எண்டு பொலிசுக்கு முகத்துக்கு நேர சொன்னால், பிள்ளையை விடுவினமே?"