பச்சைக் கட்டம்

மழைவெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் ஜெனிட்டாவின் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் ஞானசுந்தரம். அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் முன்பு இருந்தவர்.

சென்னையைக் கட்டங்களாக வெட்டி, கட்டத்துக்கு ஒரு நீர்மட்டம் என்று கணினி கணக்கிடும். நீர்மட்டம் ஏறிக் கட்டம் சிவந்தால்தான் மீட்புப் படகு கிளம்பும். பணக்காரத் தெருக்களில் வீட்டுக்கொரு கட்டம் போட்ட ஞானசுந்தரம், பள்ளத்தில் கிடந்த ஜெனிட்டாவின் ஓட்டு வீட்டுக் காலனியைப் பக்கத்து மேட்டோடு சேர்த்து ஒரே கட்டமாக்கியிருந்தார். மேட்டையும் பள்ளத்தையும் கூட்டிச் சராசரி எடுத்ததில் கட்டம் பச்சையாகவே இருந்தது. முந்தைய வெள்ளத்தில் அவள் தம்பி ரீகன் அந்தப் பச்சைக்குள்தான் மூழ்கிச் செத்தான்.

பிறகு காலனியை இடித்து மனைகளாக விற்றார்கள். ஓய்வுபெற்ற ஞானசுந்தரம் தான் போட்ட பச்சையைத் தானே நம்பி, அங்கே முதல் ஆளாக வீடு கட்டிக் குடிபோனார்.

“ஜெனிட்டாம்மா, கூடத்துல இடுப்பளவு தண்ணி. படகைக் காணோமே?”

“இங்கே பச்சையாத்தான் காட்டுது சார்.”

“அந்தக் கட்டத்தை நாலா வெட்டும்மா. உடனே சிவந்துடும்.”

“வெட்டினா கணக்கு முடிய நேரமாகும், ஒரு காலனிக்காக ஊரையே காக்க வைக்க முடியாதுன்னு அந்த வெள்ளச் சாவு விசாரணையில சொன்னீங்களே சார்.”

மறுமுனையில் தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அவசரப்படாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ... அந்தக் காலனிப் பொண்ணா?”

“ரீகனோட அக்கா.”

வெட்டும் பொத்தான் அவள் விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“மொட்டை மாடிக்கு ஏறிடுங்க சார்,” என்றாள். “உங்களுக்கு மாடி இருக்கு.”