இடது, வலது, நடு

"இடது" என்று அவள் சொன்னது அவள் செய்த பெட்டியிலிருந்து வந்தது.

"வலது" என்றது நான் செய்த பெட்டியிலிருந்து வந்தது.

"நடு" என்றது எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. சத்தில்லாமல் அறை முழுக்கச் சிதறிப் போனது.

சட்டென்று நிறுத்தினேன். காலையிலிருந்து இது ஆறாவது தடவை.

என் மனைவி டிவி தொழிற்சாலையில் இருபது வருஷம் சால்டரிங் வைத்தவள். சொந்தக் கையால் ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி செய்துவிட வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் பைத்தியம். இரண்டுக்கும் பலகைகளை அவளே அறுத்து, பென்சிலால் எண் போட்டு அடுக்கினாள். ஒன்றை முடித்தாள். மற்றதைத் தொடுவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். திரும்பி வந்தது நான் மட்டும்தான்.

எட்டு மாதமாயிற்று.

சாப்பாட்டில் மரத்தூள் விழுகிறது என்று கத்திக்கொண்டிருந்த நானே எண் பார்த்துப் பலகைகளை ஒட்டினேன். உப்புத்தாளால் தேய்த்தேன். வார்னிஷ் ஒரு பூச்சு, காய்ந்ததும் மறுபடி தேய்ப்பு, மறுபடி பூச்சு. அவள் பெட்டியில் முகம் பார்க்கலாம். என்னுடையதில் ஓர் ஈ ஒட்டிக்கொண்டு செத்திருக்கிறது.

'சோதனை' என்று பெயர் போட்டு, தன் குரலைச் செல்போனில் பதிந்து வைத்திருந்தாள். முதல் சொல் இடது பெட்டியில் மட்டும் கேட்கும். அடுத்தது வலதில் மட்டும். அதற்குப் பிறகு இரண்டிலும் சேர்ந்து. எல்லாம் சரியாக இருந்தால் 'நடு' என்பது இரண்டு பெட்டிக்கும் இடையில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வரும் என்பாள். ஆள் இருந்து பேசுகிற மாதிரியே இருக்குமாம்.

அதற்காகத்தான் எட்டு மாதமும் தேய்த்தேன். ஒரே ஒரு தடவை அவளை அந்த இடத்தில் கேட்டுவிட வேண்டும். அதுவரை போனில்கூடப் போட்டுப் பார்ப்பதில்லை என்று வைத்திருந்தேன்.

தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து மேஜைக்காரரைப் போனில் பிடித்தேன்.

"அண்ணே, ஒரு பெட்டிக்கு பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கு. ஒண்ணு தள்ளுறப்ப இன்னொண்ணு இழுக்குது. ஏதாவது ஒரு பெட்டில வயரை மாத்திப் போடுங்க, போதும்."

ஏதாவது ஒன்று என்றால் எனக்குப் போதாது. யார் மேல் தப்பு என்று தெரிந்தாக வேண்டும். அது என் குணம்.

என் பெட்டியின் ஸ்பீக்கரைக் கழற்றி உள்ளேயும் பார்த்தேன். சிவப்பு வயர் பிளஸ்ஸில், கறுப்பு மைனஸில். குற்றமில்லை.

அவள் பெட்டியில் இரண்டு வயருமே கறுப்பு. சிவப்பும் கறுப்பும் கேட்டவளுக்கு இரண்டும் கறுப்பாக வாங்கிக் கொடுத்து, கரண்ட்டுக்குக் கண்ணா இருக்கு என்று கேட்டது நான்தான். வாங்கி வைத்துக்கொண்டாள். அவள் போன பிறகு ஒரு நாள் அந்தப் பெட்டியைத் தூசி தட்டி, வயரில் தொங்கிய நூலைப் பிடுங்கிப் போட்டு, அவள் விட்டிருந்த வாக்கிலேயே பின்பக்கம் நீட்டியிருந்த மேல் வயரை ஆம்ப்ளிஃபயரின் பிளஸ்ஸிலும் கீழ் வயரை மைனஸிலும் மாட்டினேன். நூல் தொங்கினால் என் கை சும்மா இருக்காது. முன்பின் தெரியாதவர் சட்டையாக இருந்தாலும் பிடுங்கிவிடுவேன்.

ஆக, தப்பு அவளுடையது. இத்தனை வருஷத்தில் அவள் வேலையில் நான் கண்டுபிடித்த முதல் தப்பு. சொன்னால் வெட்கக்கேடு, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. சொல்லிக் காட்ட ஆள் இல்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

அவளுக்காக நான் உருப்படியாகச் செய்தது ஒரே ஒரு காரியம். ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன்பே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அவள் காதுக்குக் கொண்டுபோகவில்லை. சின்னக் கட்டிதான், ஒரு வாரத்தில் வீடு திரும்பலாம் என்று கூசாமல் பொய் சொன்னேன். கடைசி வரை அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு நிம்மதியில்தான் இத்தனை நாளும் தூங்குகிறேன்.

அவள் பெட்டியைத் திருப்பினேன். கீழ் வயரின் அடியில் கடுகளவு சிவப்பாக ஏதோ இருந்தது. எறும்பு என்று நினைத்துத் தட்டினேன், போகவில்லை. இரண்டு வயரையும் இடம் மாற்றி முடுக்கிவிட்டு, தரையில் அவள் சாக்பீஸால் குறி போட்டிருந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இடது."

"வலது."

"நடு."

எதிர்ச் சுவரில், காலண்டர் ஆணிக்குக் கீழே, அவள் இருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டதுகூடக் கேட்டது.

நிறுத்த மறந்தேன். அவள் பேச்சை ஒரு நாளும் நான் முடிக்க விட்டதில்லை.

"நடு சரியா வரலைன்னா, என் பெட்டிக்குப் பின்னாடி பாருங்க. சிவப்பு நூல் கட்டின வயர்தான் பிளஸ். நூலை நீங்க பிடுங்கிப் போட்டிருப்பீங்க, எனக்குத் தெரியும். பரவாயில்லைங்க, முடிச்சு இருக்கும்."

அவளுக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தம். ஓர் ஆணின் குரல்.

"கிளம்பலாமா? ஒரே வாரம்தான். வந்து மத்த பெட்டியையும் நீயே முடிச்சிடலாம்."

நான்தான்.

"சரிங்க" என்றாள் அவள்.