காப்பிக் கறை

இருபத்துமூன்று நாட்களாக அவன் மனைவியோடு பேசவில்லை. இன்று அவள் காலடியிலேயே மண்டியிட்டு வேலை செய்ய வேண்டியதாயிற்று.

அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளம். வரவேற்பு மேசைக்குப் பின்னால், வெள்ளைப் பளிங்கில், உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பாக ஒரு கறை.

அதன்மேல் பூந்தொட்டி இருந்திருக்கிறது. காலையில் தொட்டியை இடம் மாற்றியபோதுதான் வெளியே தெரிந்தது.

"காப்பி," என்றார் மேலாளர். "உங்க வீட்டம்மாதான் கொட்டிட்டு மறைச்சு வச்சிருக்காங்க. கேட்டதும் ஒத்துக்கிட்டாங்க. சிந்துறது பொண்டாட்டி, துடைக்கிறது புருஷன். நல்ல குடும்பம்யா!"

அவரே சிரித்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனார்.

அவள் சிரிக்கவில்லை. கருநீலச் சீருடையில், வாசலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். மேசையை ஆளில்லாமல் விடக் கூடாது. மாற்றிவிட இன்னொருத்தி வந்தால்தான் நகரலாம்.

அவனும் நிமிரவில்லை.

ஐந்தாம் மாதத்தில் குழந்தை போய்விட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள், குளியலறையில் தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தாள். முதலில் பார்த்தது அவன் அம்மா.

"வாளியத் தூக்காத, தூக்காதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

மருத்துவமனையில் அவன் மனைவியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வாளியைத் தூக்கினாயா?

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

அதோடு அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். அவளை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடும்படி அம்மா சொன்னபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டி கட்டியாகிவிட்டது. நாளைக்குப் போகிறாள்.

கையால் கல்லைத் தடவிப் பார்த்தான். கறையைத் தவிர வேறு குறை இல்லை.

போன வருடம் இதே இடம் முழுக்கக் கோடுகளாக இருந்தது. மேசைக்குப் பின்னால் கிடந்த உயரமான நாற்காலியின் இரும்புக் கால்கள் இழுபட்டு இழுபட்டு விழுந்த கோடுகள். கால்களுக்கு ரப்பர் மாட்டியும் பார்த்தார்கள். வாரத்துக்கு ஒன்று கழன்று போனது.

அத்தனை கோட்டையும் தேய்த்து எடுத்துவிட்டு அவன்தான் மேலாளரிடம் சொன்னான். "கல்லக் காப்பாத்தணும்னா நாற்காலிய எடுத்துடுங்க சார்."

அன்றைக்கே எடுத்துவிட்டார்கள்.

தலையைச் சாய்த்து, கண்ணாடிக் கதவின் வெளிச்சத்தில் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. இத்தனைக்கு நடுவிலும் அதில் அவனுக்கு ஒரு சின்னத் திருப்தி.

கறைக்குப் பற்றுப் போட வேண்டும். வெள்ளைக் களிமண் பொடியை மருந்தில் குழைத்து அப்பி, மேலே பாலித்தீன் தாளை ஒட்டிவிட்டால் போதும். கல்லுக்குள் இறங்கியதை மண் மெல்ல மேலே இழுத்துக்கொள்ளும். காப்பிக்கு மருந்து பெராக்சைடு.

குழைக்கும் முன் ஒரு துளி விட்டுப் பார்ப்பது அவன் வழக்கம். காப்பி என்றால் சும்மா ஈரமாகக் கிடக்கும்.

விட்டான்.

நுரைத்தது.

கறையின் விளிம்பு வரை, பொடிப்பொடியாக, வெள்ளையாகப் பொங்கியது.

துணியால் ஒற்றினான். பக்கத்தில் சுத்தமான கல்லில் ஒரு துளி விட்டான். அசையாமல் கிடந்தது. மறுபடி கறையில் விட்டான். மறுபடி பொங்கியது.

போன மாதம் தேய்க்கும் தகடு விரலைக் கிழித்தபோது, அவசரத்துக்கு இதே புட்டியைத்தான் காயத்தில் சாய்த்தான். அன்றைக்கு ரத்தம் இப்படித்தான் நுரைத்தது.

கறைக்கு ஒரு முழம் தள்ளி அவளுடைய காலணிகள். ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டன.

அவன் தொண்டையைச் செருமினான்.

"இது காப்பி இல்லையே."

அவள் குனியவில்லை. கண்ணாடிக் கதவு திறந்து யாரோ உள்ளே வந்தார். அவள் புன்னகைத்தாள். ஏழாவது மாடி, லிஃப்ட் வலது பக்கம் என்றாள். அவர் மறைகிறவரை அந்தப் புன்னகை அப்படியே இருந்தது.

பிறகு, வாசலைப் பார்த்தபடியே, மெதுவாகப் பேசினாள்.

"மூணு மணிக்கே வலி எடுத்துடுச்சுங்க. மாத்திவிட ஆள் வர ஆறு மணி ஆயிடுச்சு. நானேதான் துடைச்சேன். கறை போகல. தொட்டியக் காலால தள்ளி வச்சேன்."

புட்டியின் மூடி அவன் கையிலிருந்து நழுவி, பளிங்கில் உருண்டு, மேசையின் காலில் இடித்து நின்றது.

"அப்போ வாளி?"

"துணிய ஊற வச்சேன். தூக்கல."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

அவள் முதல் முறையாகக் குனிந்து அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சொல்லியிருந்தா, ஏன் உட்காரலன்னு கேட்டிருப்பீங்க."