நம்ம பொருள் நம்மகிட்டயே

சுதாகரனின் கரண்ட் பில் பாக்கி ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். பஸ் நேரம் காட்டும் செயலி ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று இனாமாக விட்டிருந்தான். அதற்காகத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், அவனுடைய காம்பரா அறையில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் இராப்பகலாக ஓடின.

"இனிச் சமாளிக்க முடியாதுக்கா. வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு செயலிய அவங்க கம்ப்யூட்டர்ல காசில்லாம வச்சுக்கச் சொல்றாங்க. அங்க மாத்திட்டு இதுகள நிப்பாட்டப் போறேன்," என்றான், தன் வீட்டுச் சாவியை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு வேலாயியிடம்.

வேலாயியின் முகம் சுருங்கிவிட்டது. "நம்ம பொருள அடுத்தவன் வீட்லயா வைப்பாங்க? நாளைக்கு அவன் கதவச் சாத்திட்டா என்னா செய்வீங்க தம்பி?"

"நம்மகிட்டயே இருக்கட்டும்," என்றார் அடுத்த காம்பராவிலிருந்து எட்டிப் பார்த்த நல்லமுத்து. லயமே ஆமாம் போட்டது.

சுதாகரனுக்குத் தலைகால் புரியவில்லை. சொந்தக் கம்ப்யூட்டரா, கம்பெனி கம்ப்யூட்டரா என்று படித்தவர்கள் இணையத்தில் அடித்துக்கொள்ளும் விஷயம் இந்தச் சனத்துக்கு எவ்வளவு சுலபமாக விளங்கிவிட்டது என்று பூரித்துப்போனான்.

மறுநாள் அடைமழை. வேலையிலிருந்து நேரத்தோடு திரும்பியவன் காம்பராவுக்குள் நுழைந்தான். சூடாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களுக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கயிறு. அதில் லயத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூட யூனிஃபார்ம் அத்தனையும் காய்ந்துகொண்டிருந்தன.

வேலாயி ஒரு காலுறையைப் புரட்டிப் போட்டாள்.

"மழ விடுற வரைக்கும் நிப்பாட்டிறாதீங்க தம்பி. பில்ல நாங்க எல்லாருமாச் சேந்து இன்னைக்குக் கட்டிட்டோம்."