ஆறாவது எண்

ஆவணக் காப்பகத்தில் விரித்த பதிவேட்டின்மேல் மதிவாணன் தன் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தான். பக்கத்தில் அவன் அம்மா பவுனம்மாள் உட்கார்ந்திருந்தாள். தான் தாய் வயிற்றில் இருக்கும்போதே போருக்குப் போன தன் தகப்பனை எங்கே புதைத்தார்கள் என்று அறிந்துகொள்ள, இந்த வயதில் அவனோடு ரயிலேறி வந்திருந்தாள்.

"என்னய்யா போட்டுருக்கான்?"

"பாக்குறேம்மா."

புதைத்த ஊரின் பெயர் இருந்தது. அதற்கு நேர் மேல்வரிகளில், தப்பியோடிய குற்றத்துக்காக அவரைச் சுட்டுக்கொன்ற ஆறு சிப்பாய்களின் பெயர்களும் பட்டாள எண்களும் இருந்தன. ஆறாவது பெயர் சடையாண்டி, மதிவாணனின் அப்பாவைப் பெற்றவர். தகப்பனில்லாத பெண் என்று பவுனம்மாளைத் தன் மகனுக்கு வலிய வந்து கேட்டவர். படுக்கையில் விழுந்தபின் அவருக்குச் சோறூட்டியவளும் அவள்தான்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது முதலில் ஆறுதலாக இருந்தது. பிறகுதான் சடையாண்டித் தாத்தாவின் பட்டாளத்துச் சாப்பாட்டுத் தட்டு அவன் நினைவுக்கு வந்தது. அதில் பொறித்திருந்த இதே எண்ணை முப்பது வருடம் சாம்பல் போட்டுத் துலக்கியவள் அவள்; அதன் வடிவம் அவள் விரலுக்கே மனப்பாடம். அந்த வரிகளை மறைத்திருந்த கையை அவன் இன்னும் அழுத்தினான்.

"எனக்குத்தான் எழுத்துத் தெரியாது. படிச்ச ஒனக்குமா?" என்று சிரித்தாள்.

"ஊர்ப் பேரு இருக்கும்மா."

சிரிப்பு நின்றது. அவள் கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு பதிவேட்டின்மேல் குனிந்தாள்.

"கைய எடுய்யா. அந்தப் பேர ஒரு தடவ தொட்டுக்கிறேன்."

அவளுடைய சுட்டுவிரல் அவன் கையின் விளிம்புவரை வந்து காத்திருந்தது.