கோணல் சக்கரம்

பழைய ரயில் நிலையத்தின் சுவரைக் காட்டிப் பத்திரிகைக்காரர்களிடம் முழங்கிக்கொண்டிருந்தார் தொல்லியல் துறை இயக்குநர். "இந்த சிமெண்ட் பூச்சு நம்ம பாரம்பரியம்! இதுல கிறுக்கினவங்க அத்தனை பேரும் கழுதைங்க!"

சுவருக்கு மருந்தடிக்க வந்திருந்த ரசாயனக்காரி கொட்டாவியை விழுங்கினாள். உதிரும் பூச்சை இறுக்கிப் பிடிக்கிற மருந்து அது. அடிப்பதற்கு முன்பே கீறல்களை அடைத்துவிட வேண்டும். அடித்த பிறகு உள்ளது உள்ளபடி நின்றுவிடும். எல்லாம் அடைத்தாயிற்று. மிச்சமிருந்தது, ஆணியால் கீறிய ஒரு சைக்கிள். அதில் இரண்டு பேர் சவாரி. சக்கரங்கள் முட்டை மாதிரி இருந்தன.

கூட்டம் கலைந்ததும் இயக்குநர் தனியாகத் திரும்பி வந்தார்.

"அந்தச் சைக்கிளை அடைச்சிட்டியாம்மா?"

"இதோ, கலவை குழைச்சாச்சு சார்."

"அடைக்காதே. அப்படியே மருந்தை அடி. ரெண்டு கை கூடவே அடி."

"கிறுக்கினவங்க கழுதைன்னீங்களே சார்?"

"முன்னாடி உக்காந்து மிதிக்குது பாரு, அந்தக் கழுதை நான்தான்." அவர் விரல் பின்னால் இருந்த உருவத்தை மெல்லத் தடவியது. "வரைஞ்சவ இவ. கடைசிவரைக்கும் இவளுக்கு வட்டம் வரவே இல்லை. கேலி பண்ணிட்டே இருப்பேன். இப்ப வீட்ல கேலி பண்ண யாரும்மா இருக்கா?"

ரசாயனக்காரி கலவைச் சட்டியைத் தள்ளிவைத்துவிட்டு பிரஷ்ஷை எடுத்தாள்.

"கையை எடுங்க சார். காயறவரைக்கும் தொடக் கூடாது."

"காயட்டும்மா," என்றார். "நான் இங்கயே இருக்கேன்."